பார்க்காததைச் சொன்ன சாட்சி

அன்புள்ள தேவா,

நேற்று நீ வந்து போனது மொத்தம் கால் மணி நேரம். செருப்பைக் கழற்றினாய், ஆனால் உட்காரவில்லை. "பெர்த்ல வேலை கன்ஃபர்ம் ஆயிருச்சுப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டு, பிரேமாவும் வர்றா" என்றாய். நான் "சரி" என்றேன். "பிரேமாவுக்கு நாலு மாசம்" என்றாய். அதற்கும் "சரி" என்றேன். பேரக்குழந்தை வரப்போகிறது என்ற செய்திக்கு "சரி" என்று பதில் சொன்ன கிழவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாசலில் நின்று, "ஏர்போர்ட்டுக்கெல்லாம் வராதீங்க, அலைச்சல்லா" என்றாய். நீ போன பிறகு, மேசைமேல் நீ வைத்துவிட்டுப் போன பப்பாளியைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒற்றை ஆளுக்கு முழுப் பப்பாளி எதற்கு என்று கேட்க உன் அம்மா இல்லை. அதனால் நானே கேட்டுக்கொண்டேன்.

என் நாள் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. காலையில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் மூலைக் கடையில் தோசை சாப்பிடுகிறேன். "ரெண்டா அங்கிள்?" என்பான் கடைக்காரன். தலையாட்டுவேன். சில நாள்களில் அன்று முழுக்க என்னிடம் பேசப்படும் பேச்சே அந்த ஒன்றுதான். மாடிக்கு வந்தால் ஜன்னலில் ரயில் தெரியும். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிள்ளானுக்குப் போகிற ரயில் எது என்று சத்தத்தை வைத்தே இப்போது சொல்லிவிடுவேன். இங்கே வந்ததிலிருந்து அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கிள்ளான் வீட்டை விட்டுவிட்டு இந்த அடுக்குமாடிக்கு வந்ததற்கு முட்டிவலி, லிஃப்ட் என்று உனக்கு ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையில், மேரு ரோட்டு டிராஃபிக் லைட்டைக் கடக்காமல் அந்த வீட்டிலிருந்து எங்கும் போக முடியாது. அதுதான் காரணம்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரே வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக, குமாஸ்தா வேலையில் இருந்தவன். பெரிய படிப்பு இல்லை. ஆனால் மேல்முறையீட்டுப் பதிவேடு தயாரிக்க வேண்டுமென்றால் கிள்ளானில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்ற அலுவலகத்துக் கிராணிகள் செய்வார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, வீட்டிலும் அதைக் காட்டிக்கொண்டேன். உனக்குப் பத்து வயதிருக்கும், அலுவலகத்துக்கு வந்து என் மேசையடியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பீல்னா கேஸ திரும்ப மொதல்லேர்ந்து நடத்துவாங்களாப்பா?" என்று கேட்டாய். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தோற்றவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "மேல் கோர்ட்ல நான் எல்லாத்தையும் சொல்லிடறேன் அண்ணே" என்பார்கள். அங்கே அவர்கள் ஒரு வார்த்தை பேச முடியாது. மேல் நீதிமன்றம் சாட்சிகளைக் கூப்பிடுவதில்லை. கீழே என்ன சொன்னார்கள், என்ன காட்டினார்கள் என்பது எழுத்தாக வரும், நான் பக்க எண் போட்டுக் கட்டிக் கொடுப்பேன், நீதிபதி அதைப் படிப்பார். அதில் இல்லாதது அவருக்கு உலகத்திலேயே இல்லை.

அப்போதே உனக்கு இன்னொன்றும் சொன்னேன், நினைவிருக்கிறதா தெரியவில்லை. சாட்சி தடுமாறினானா, வியர்த்தானா, கண்ணைப் பார்த்துப் பேசினானா என்பதெல்லாம் கீழ் நீதிபதி நேரில் பார்த்தது. அதனால் யாரை நம்புவது என்பதில் மேல் நீதிமன்றம் லேசில் கை வைக்காது. நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன் என்பது மட்டும் போதாது. கீழ் நீதிபதி சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால், கண்முன் இருந்த ஆதாரத்தைப் பார்க்காமல் விட்டிருக்க வேண்டும், எடையே இல்லாத பேச்சுக்கு எடை கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் தீர்ப்பை மாற்றுவார்கள். நீ, "அப்ப வீட்டுல நீங்க திட்டுனா நான் எங்கப்பா அப்பீல் பண்றது?" என்று கேட்டாய். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தோடு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

என் வேலையில் இன்னொரு பகுதி, சாட்சிகளைப் பார்த்துக்கொள்வது. நீதிமன்றத்துக்கு வெளியே பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்து, பயத்தைப் போக்கி, எல்லாருக்கும் ஒன்றையே சொல்வேன்: "பாத்தத மட்டும் சொல்லுங்க. பாக்காதத சொல்லாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில், அதுக்கு மேல வாயத் தொறக்காதீங்க." முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! லோரி ஓட்டுநர்கள், தோட்டக்காரர்கள், டீச்சர்கள். எல்லாரும் கேட்டார்கள். கேட்காதவன் ஒருவன்தான்.

அந்த விபத்தைப் பற்றி நாம் இருவரும் பேசியதே கிடையாது. அதனால் நானே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். வெள்ளிக்கிழமை காலை. உன் அம்மாவுக்குக் கண் பரிசோதனை. நீ அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாய். மேரு ரோட்டு விளக்கில் உனக்குப் பச்சை. எதிரிலிருந்து வந்த லோரி வலது பக்கம் திரும்பி உன் பாதையில் குறுக்கே வந்தது. உனக்கு முட்டி உடைந்தது. உன் அம்மாவை நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே துணி போர்த்திவிட்டார்கள்.

லோரி ஓட்டுநர் மேல் முதலில் குற்ற வழக்கு நடந்தது. அவன் விடுதலையானான். உன் மாமா நீதிமன்ற வளாகத்திலேயே கத்தினார். நான்தான் அவரை ஓரமாக அழைத்துப்போய், நிதானமாக, ஒரு கிராணியின் குரலில் விளக்கினேன். ஒருவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால் நியாயமான சந்தேகம் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது, இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தாலும் இப்படிப்பட்ட விடுதலையை மாற்றுவது கடினம் என்றேன். சிவில் வழக்கு வேறு, அங்கே எது அதிகம் நம்பக்கூடியது என்று பார்த்தால் போதும், அதனால் அங்கே தோற்றுவிட்டோம் என்று அர்த்தமில்லை என்றேன். எல்லாம் சரியான பேச்சு. என் மனைவியை இடித்தவனுக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்ததை நான் ஏற்றுக்கொண்டேன். என் மகனுக்கு அதைக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. அம்மாவுக்காக நான் போட்டது, உன் காயத்துக்காக நீ போட்டது, இரண்டையும் ஒன்றாக விசாரித்தார்கள். நான் சாட்சி சொல்ல வேண்டியது ஒன்றுமே இல்லை. கல்யாணம் ஆன விவரம், இறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். லோரி தரப்பு வழக்கறிஞர் எழுந்து, மிகவும் மரியாதையாக, "உங்கள் மகன் வழக்கமாக எப்படி ஓட்டுவார்?" என்று கேட்டார். நான் விபத்து நடந்த இடத்தில் இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை, அதுதான் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது. நான் சொன்னது: "வேகமாகத்தான் ஓட்டுவான். நூறு தடவை கண்டித்திருக்கிறேன்." எங்கள் அலுவலக வழக்கறிஞர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய்.

நூறு தடவை இல்லை தேவா. இரண்டு தடவை. நீ தனியாகப் போகும்போது, அதுவும் பண்டமாரானில் அந்தக் காலி ரோட்டில். அம்மா பின்னால் உட்கார்ந்தால் நீ எப்படி ஓட்டுவாய் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவள் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்: "உங்க மகன் பின்னால உக்காந்தா நடந்து போறவங்க எல்லாம் நம்மள முந்திக்கிட்டு போறாங்க. நான் எறங்கித் தள்ளவான்னு கேட்டேன்." அதை நான் நீதிமன்றத்தில் சொல்லவில்லை. இறந்தவள் சொன்னதைச் சொல்ல விடமாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு சட்டக் காரணம் கற்பித்துக்கொண்டேன். அதைச் சொல்ல விடமாட்டார்களோ என்னவோ, அந்த நூறு தடவைப் பேச்சைச் சொல்லாமல் இருப்பதை யாரும் தடுக்கவில்லையே.

தீர்ப்பில் எழுபது விழுக்காடு பிழை உன் மேல் என்று வந்தது. காரணங்களை நீதிபதி அன்றே எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வரி: இவர் வேகமாக ஓட்டுபவர் என்பதை இவருடைய சொந்தத் தந்தையே ஒப்புக்கொண்டிருக்கிறார். வழக்கறிஞர் அம்மா அதைப் படித்துவிட்டு, "அண்ணே, இதுக்கு நம்ம அப்பீல் போறோம். பதினாலு நாள் இருக்கு. நோட்டீஸ இன்னிக்கே போடுங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் என்ன காரணத்தால் அப்படிச் சொன்னேன் என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதிவேட்டை நான்தான் தயாரித்தேன். வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார் வழக்கறிஞர் அம்மா, நான் கேட்கவில்லை. வீம்புதான். ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லை, நீ கைத்தடியோடு எனக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தாய். நான் தாள்களுக்கு எண் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். என் சாட்சியம் இருந்த பக்கம் மேலே கிடந்தது. நீ எடுத்துப் படித்தாய். அந்த வரியில் உன் கண் நின்றது எனக்குத் தெரிந்தது.

"இந்தப் பக்கமும் போகணுமாப்பா?" என்றாய்.

"போகணும். ஒரு பக்கத்த எடுத்தாலும் ரெக்கார்டு ரெக்கார்டா இருக்காது."

"அப்ப சரி" என்று சொல்லி, தாளை நேராக்கி, என் கையிலேயே கொடுத்தாய். நான் முத்திரையைக் குத்தினேன். குத்திவிட்டு, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த மத்தியானம் முழுக்க நேரம் இருந்தது. நீ வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போகும் முன் சாப்பிடச் சொன்னாய். சாப்பிட்டேன்.

ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் நாம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. உனக்கு நினைவிருக்கும். அந்த நீதிபதி நம் இருவரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாம் யார் என்றே அவருக்குத் தெரியாது. போலீஸ் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடித் துண்டுகள் எந்தப் பாதையில் கிடந்தன, சறுக்கிய தடம் எங்கே என்று கேட்டார். எல்லாம் உன் பாதையில். கீழ் நீதிபதி இதைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டார். பிறகு என் பக்கத்துக்கு வந்தார். "இந்தச் சாட்சி விபத்தைப் பார்த்தாரா?" என்றார். "இல்லை, யாங் ஆரிஃப்" என்று நீதிபதிக்குரிய மரியாதையோடு சொன்னார் நம் வழக்கறிஞர். "மற்ற நாள்களில் எப்படி ஓட்டினார் என்பது அன்று எப்படி ஓட்டினார் என்பதற்கு ஆதாரமாகுமா?" என்று எதிர்த்தரப்பைக் கேட்டார். பிறகு அவரே, நேரில் சாட்சிகளைப் பார்த்த நீதிபதியின் முடிவை நான் சாதாரணமாக மாற்றமாட்டேன், ஆனால் இது யாரை நம்புவது என்ற கேள்வியே அல்ல, பார்க்காதவர் சொன்னதை வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய வரைபடத்தை விட்டுவிட்டார்கள் என்றார். கீழ்த் தீர்ப்பை ரத்து செய்தார். முழுப் பிழையும் லோரி ஓட்டுநர் மேல். உன்மேல் ஒன்றுமில்லை.

உன் முகத்தையே அறியாத ஒரு மனிதர், தாளைப் படித்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார். நீ பிறந்த நாளிலிருந்து உன் முகத்தைப் பார்த்தவன் நான்.

வெளியே கார் நிறுத்தத்தில் நீ எனக்காகக் காத்திருந்தாய். ஏதாவது சொல்வேன் என்று நின்றாய், அது எனக்குத் தெரியும். நான், "சாப்ட்டுட்டுப் போவமா?" என்றேன். நீ, "இல்லப்பா, வேல இருக்கு" என்றாய். அந்த மாதமே பூச்சோங்கில் வீடு பார்த்துப் போய்விட்டாய். நீதிமன்றம் உன்னை விடுவித்தது, நான் விடுவிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். நியாயமான முடிவு. என்னிடமிருந்து உனக்குக் கிடைத்த பதிவேட்டில் வேறு எதுவும் இல்லையே. தீபாவளிக்கு வருகிறாய், பலகாரம் வைக்கிறாய், கால் மணி நேரத்தில் கிளம்புகிறாய். நான் ஜன்னலில் நின்று உன் கார் திரும்புவதைப் பார்க்கிறேன். பிறகு சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டுகிறேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது.

தகப்பனாகப் போகிறாய் என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன். யோசனை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்காதே, தொழில் பழக்கம். உன் பிள்ளை செய்ததை நீ பார்க்கவில்லை என்றால், பார்த்த மாதிரி பேசாதே. கண்டிப்பதாக இருந்தால் காரணத்தைச் சொல்லிக் கண்டி. காரணம் எழுதாத தீர்ப்பை எதிர்த்து ஒரு பிள்ளையால் எதுவும் சொல்ல முடியாது, மனதுக்குள் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுத்தான் போக முடியும்.

இனி, எதற்காக இதை எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்கிறேன். உன் சாட்சியத்தில் ஒரு வரி இருக்கிறது. அன்று ஏன் மோட்டார் சைக்கிளில் போனீர்கள் என்று கேட்டதற்கு நீ சொன்னது: "அப்பாதான் காரில் கூட்டிப்போவதாக இருந்தது. அவருக்கு அன்று ஒரு ரெக்கார்டு தாக்கல் செய்யக் கெடு முடிகிற நாள். அதனால் நான் கூட்டிப்போனேன்." எதிர்த்தரப்பு அதைக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கீழே, மேலே, இரண்டு நீதிமன்றத்திலும் அது உண்மையாகவே நின்றுவிட்டது. நீயும் உண்மை என்றுதான் சொன்னாய்.

அது பொய். உன் பொய் அல்ல, என்னுடையது. முதல் நாள் வியாழக்கிழமை சாயங்காலம், சட்டப் படிப்பை விட்டுவிட்டு சுபாங்கில் விமானப் பராமரிப்புப் படிப்பில் நீ சேரப்போவதும், உன் அம்மா எனக்குத் தெரியாமல் அந்த விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டதும் தெரியவந்தது. கிராணியின் மகன் வழக்கறிஞர் ஆவான் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவமானமாக இருந்தது. உன்னிடம் கத்தினேன், அவளிடம் பேசவே இல்லை. மறுநாள் காலை அவள் புடவை கட்டிக்கொண்டு, "கெளம்பலாமாங்க?" என்று வந்து நின்றபோது, முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு ரெக்கார்டு டியூ. உன் மகனையே கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றேன். இன்னும் நாலு நாள் இருந்தது. வீட்டில் யாருக்கும் அந்தத் தேதி தெரியாது என்று எனக்குத் தெரியும். கெடு தவறாதவன் என்ற பேரை வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் "சரிங்க" என்று உன் ஹெல்மெட்டை எடுத்து உன்னிடம் நீட்டினாள். நான் காரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் டீ குடித்தேன்.

கூண்டில் அந்தக் கேள்வி வந்தபோது என் வாயில் ஏன் அந்தப் பதில் வந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். பிழை உன்மேல் இருந்தால் என்மேல் இல்லை. எழுபது விழுக்காடு என்று நீதிபதி எழுதியதைப் படித்தபோது, தேவா, உன்னிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருடமாக உன் முகத்தைப் பார்க்க முடியாமல் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்துடன் ஒரே ஒரு தாள் வைத்திருக்கிறேன். அன்று டியூ என்று நான் சொன்ன அந்தப் பதிவேட்டின் முதல் பக்க நகல். கட்சிக்காரர்கள் பெயரைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறேன், அது வேறு மனிதர்களின் வழக்கு. நீதிமன்ற முத்திரையை மட்டும் பார். திங்கட்கிழமை தேதி. நான் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அலுவலகத்தில் வேறொருவர் கொண்டுபோய்த் தாக்கல் செய்தது. கெடு தாண்டியது என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் ஒரு நாள் மிச்சம் இருந்தது.

மேல்முறையீட்டில் புதிய ஆதாரத்தைச் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள். இது முன்பே உன் கையில் இருந்ததா, ஏன் அப்போது கொண்டுவரவில்லை என்று முதலில் கேட்பார்கள். இருந்தது என்றால் தள்ளிவிடுவார்கள். இது ஒன்பது வருடமாக என் மேசை இழுப்பறையில் இருந்தது. விதிப்படி நீ இதைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினாலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உன் பிள்ளை ஒரு நாள் பாட்டி எப்படி இறந்தாள் என்று கேட்கும்போது, நீ உன் பேரை அதில் சொல்லக் கூடாது. நீ அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். பச்சை விளக்கில், மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நான் வரவில்லை, நீ சொன்னபடி. அன்று காலை கிள்ளான் ரயிலில் ஏறி, மேரு ரோட்டு விளக்குவரை போய்விட்டு வரலாம் என்று இருக்கிறேன். அந்த விபத்துக்குப் பிறகு நான் நின்று பார்க்காத இடம் அது ஒன்றுதான். இந்தத் தடவை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா